‘எப்படி ஏமாந்தாய்?’ என்று கேட்காத படம்: சனசமூக நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

யாழ். மாவட்டத்துச் சனசமூக நிலையங்களின் நிர்வாக சபையினருக்கும் மாதர் சங்கங்களின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் வடமராட்சியைச் சேர்ந்தவள். இருபத்தாறு வருடம் வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். அதில் பதினொரு வருடம் நகை அடைவுப் பகுதியில் இருந்தேன். இந்த மடல் ஒரு படத்தைப் பற்றியது. படத்தைப் பற்றிச் சனசமூக நிலையத்துக்கு எழுதுவானேன் என்று நீங்கள் நினைக்கலாம். காலையில் பேப்பர் பார்க்க வரும் பெரியவர்கள், முன்பள்ளிக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் தாய்மார், பின்னேரம் கரம் விளையாட வரும் பெடியள் என்று எல்லோரும் வந்துபோகிற இடம் எங்கள் ஊர்களில் உங்களுடைய கட்டடம்தான். நான் சொல்லப்போகிற விஷயம் இவர்கள் எல்லோருக்கும் உரியது. அதைக் கோயில் வீதியில் நின்று கதைக்க முடியாது. வீட்டுக்குள்ளும் நாங்கள் கதைக்கமாட்டோம்.

படத்தின் பெயர் ‘த டிண்டர் ஸ்விண்ட்லர்’. 2022 பெப்ரவரியில் நெட்பிளிக்ஸில் வந்த ஆவணப்படம். இயக்கியவர் பெலிசிட்டி மொரிஸ். கனடாவில் இருக்கும் மகள், “அம்மா, இதைக் கட்டாயம் பாருங்கோ” என்று சொல்லித்தான் முதல் தரம் பார்த்தேன். இதுவரை மூன்று தரம் பார்த்துவிட்டேன். களவு, மோசடி பற்றி எத்தனையோ படம் பார்த்திருக்கிறேன். அவற்றில் எல்லாம் ஏமாற்றுகிறவன்தான் கதாநாயகன். அவனுடைய உடுப்பு, அவனுடைய மூளை, அவன் தப்பி ஓடுகிற அழகு. இந்தப் படம் ஏமாந்தவர்களுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அவர்கள் சொல்லி முடிக்கும் வரைக்கும் பொறுமையாகக் கேட்கிறது. எனக்கு அது அவ்வளவு பிடித்தது.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்கிறேன். டிண்டர் என்பது கைபேசியில் படம் பார்த்துத் துணை தேடுகிற செயலி. கலியாணத் தரகர் கொண்டுவரும் படங்களை நாங்கள் பார்க்கிற மாதிரி, அங்கே ஆளுக்காள் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். லண்டனில் வசித்த செசிலி என்ற நோர்வேப் பெண் 2018ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அதில் ஒருவரைச் சந்திக்கிறார். பெயர் சைமன் லெவியெவ். வைர வியாபாரத்தில் உலகப் பெயர் பெற்ற லெவ் லெவியெவின் மகன் என்று சொல்கிறார். முதல் சந்திப்பு லண்டனில் ஒரு பெரிய ஹோட்டலில். அன்றைக்கே தனி விமானத்தில் பல்கேரியாவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்.

அந்த ஆளின் பிறப்புப் பெயர் ஷிமோன் ஹயூத். இஸ்ரேலைச் சேர்ந்தவர். வைரக் குடும்பத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெயரைச் சட்டப்படி மாற்றிக்கொண்டவர், அவ்வளவுதான். இதற்கு முன்பே பின்லாந்தில் பெண்களை ஏமாற்றியதற்காக 2015இல் சிறைத்தண்டனை பெற்றவர். இது ஒன்றும் செசிலிக்குத் தெரியாது. கூகுளில் தேடிப் பார்த்திருக்கிறார். தேடியபோது வந்தது அந்த வைர வியாபாரியின் குடும்பத்தைப் பற்றிய செய்திகள். நாங்கள் மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஊரில் விசாரிப்பது போலத்தான் அவரும் விசாரித்திருக்கிறார். விசாரித்த இடத்தில் நல்லபடியாகத்தான் சொன்னார்கள்.

பிறகு நடப்பதைத்தான் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒரு நாள் இரவு சைமனிடமிருந்து புகைப்படங்கள் வருகின்றன. மெய்ப்பாதுகாவலரின் தலையில் இரத்தம். எதிரிகள் துரத்துகிறார்கள், என் அட்டையைப் பாவித்தால் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள், உன் பெயரில் ஒரு கடன் அட்டை வேண்டும் என்கிறார். செசிலி கொடுக்கிறார். அட்டையின் எல்லை முடிந்ததும் அதைக் கூட்டுவதற்கு, தன்னுடைய கம்பனியில் அவர் பெரிய சம்பளத்தில் வேலை செய்வதாகப் போலிப் பத்திரம் செய்து கொடுக்கிறார். பிறகு கடன், அதற்கு மேல் கடன். இரண்டு இலட்சம் டொலருக்கு மேல் போய்விடுகிறது. திருப்பித் தருவதாகக் கொடுத்த காசோலைக்கு வங்கியில் காசு கிடைக்கவில்லை. கடைசியில் கடன் அட்டைக் கம்பனியிலிருந்து வந்தவர்கள் சைமனின் புகைப்படத்தைப் பார்த்த உடனேயே ஆளை அடையாளம் காண்கிறார்கள். செசிலிக்கு அவர் உயிருக்கு உயிரானவர். அவர்களுக்கோ அவர் ஏற்கெனவே பழக்கமான முகம்.

இந்த இடத்தில் படத்தின் வேலைப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உண்மையான வட்ஸ்அப் செய்திகளையும் குரல் பதிவுகளையும் அப்படியே திரையில் போடுகிறார்கள். காலை வணக்கம், சாப்பிட்டாயா, உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றைப் பார்த்தபோது, நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன் என்றுதான் தோன்றியது. மாதக்கணக்கில் நாள்தவறாமல் வரும் அன்பான சொல்லுக்கு எவ்வளவு பலம் என்று அந்தக் கைபேசித் திரையைக் கொண்டே காட்டிவிட்டார்கள். அதே ஆளின் குரல் பிறகு மிரட்டலாக மாறுவதைக் கேட்கும்போது உடம்பு நடுங்குகிறது.

அடுத்து வருகிறவர் சுவீடனைச் சேர்ந்த பெர்னில்லா. இவர் காதலிகூட இல்லை, சிநேகிதி. கோடை முழுவதும் சைமனுடன் ஐரோப்பா சுற்றியவர், ஆபத்தென்று கேட்டபோது தன் சேமிப்பை அனுப்பியவர். பெர்னில்லாவுக்குக் கொடுத்த விருந்துக்கும் ஹோட்டலுக்கும் கட்டிய காசு செசிலி கடன்பட்ட காசு. ஒரு வீட்டுக் கூரையைப் பிரித்து அடுத்த வீட்டில் பந்தல் போடுகிறார். அந்தப் பந்தலைப் பார்த்த அடுத்த ஆள் ‘இவர் வசதியானவர்’ என்று நம்புகிறார். இப்படி எல்லோரிடமும் சேர்த்து ஏறத்தாழ 1 கோடி டொலர் எடுத்திருப்பார் என்று மதிப்பிடுகிறார்கள்.

சரி, இதற்கும் எங்களுக்கும் என்ன? நான் அடைவுப் பகுதியில் இருந்த காலத்தைச் சொல்கிறேன்.

நகை அடைவு வைக்க வருகிறவர்களைப் பதினொரு வருடம் பார்த்தால் சில வேறுபாடுகள் தானாகவே தெரியவரும். விதைப்புக்குக் காசு எடுக்க வருகிறவர் வட்டியைக் கேட்பார், எப்போது மீட்கலாம் என்று கணக்குப் பார்ப்பார். பிள்ளையின் படிப்புக்கு வருகிறவர் எந்த நகையை வைப்பது, எதை விடுவது என்று யோசிப்பார். ஆனால் சிலர் வட்டி கேட்கமாட்டார்கள், தவணை கேட்கமாட்டார்கள். “எவ்வளவு கூட எடுக்கலாம், எவ்வளவு கெதியாக எடுக்கலாம்” என்று மட்டும் கேட்பார்கள். கையில் கைபேசி இருக்கும். நகையை நிறுத்துக்கொண்டிருக்கும்போதே அது அடிக்கும். “வங்கியிலதான் நிக்கிறன், இந்தா எடுத்திட்டன்” என்று மறுமுனைக்குச் சொல்வார்கள். அந்த மறுமுனையில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரர் இருக்கலாம், இலண்டனிலிருந்து பார்சல் வந்து சுங்கத்தில் நிற்கிறது என்று சொல்கிற பேஸ்புக் சிநேகிதர் இருக்கலாம், கலியாணம் பேசிய மாப்பிள்ளை இருக்கலாம். யோசிக்க நேரம் கொடுக்கக்கூடாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று. படத்தில் இரத்தம் தோய்ந்த படத்தை நடு இரவில் அனுப்பியதும் அதற்காகத்தான்.

என் சித்தியின் மகளும் அப்படி ஒரு நாள் என் முன்னால் வந்து நின்றாள். அவளுடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றாள்.

தரகர் மூலம் வந்த சம்பந்தம். சுவிஸ் மாப்பிள்ளை. குறிப்புப் பொருந்தியது. ஆள் ஒரு முறை வந்தும் போனார், கூடவே ஒரு அம்மாவும் வந்தார். சித்தி வீட்டில் கோழிக்குழம்பும் புட்டும் சாப்பிட்டு, அடுத்த ஆவணியில் கலியாணம் என்று நாள் பேசிவிட்டுப் போனார்கள். பிறகு எட்டு மாதம் தொலைபேசி. காலையும் இரவும் தவறாது. அதன்பின் அவருடைய வதிவிட அனுமதியில் ஒரு சிக்கல் வந்தது, சட்டத்தரணிக்கு அவசரமாகக் கட்டவேண்டி வந்தது, வங்கிக் கணக்கை முடக்கிவிட்டார்கள் என்றார். மூன்று நாளுக்குள் காசு வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பொன்சர் அலுவலே நின்றுவிடும் என்றார்.

அவள் தன் நகையும் தாயின் தாலிக்கொடியுமாக என் கிளைக்கு வந்தாள். “என்னத்துக்கடி?” என்று கேட்டேன். “வீட்டு வேலைக்கு அக்கா” என்றாள். கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. நான் நிறுத்தேன், எழுதினேன், காசை எண்ணிக் கொடுத்தேன். இரண்டு கிழமையில் அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

சித்தப்பா பொலிசுக்குப் போகவில்லை. “குமர்ப்பிள்ளையின் பெயர் வெளியில் போனால் பிறகு யார் கட்டுவான்” என்று ஒரே பிடி. தரகரிடமும் கேட்கவில்லை, அயலுக்கும் சொல்லவில்லை. கலியாணம் ஏன் குழம்பியது என்று கேட்டவர்களுக்குக் குறிப்பில் தோஷம் என்று சொன்னோம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு கலியாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது, சாவகச்சேரிப் பக்கத்துப் பெண் ஒருவர் தன் தங்கைக்கு நடந்ததை என்னிடம் சொல்லி அழுதார். கைபேசியில் படத்தைக் காட்டினார். அதே ஆள். பக்கத்தில் அதே அம்மா. அவர்களிடம் காசு வாங்கியது எங்கள் வீட்டில் வாங்கி ஏழு மாதத்துக்குப் பிறகு.

அந்த ஏழு மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நித்திரை வராது. நாங்கள் வாய் திறந்திருந்தால் அந்த வீட்டுக் கதவை அவன் தட்டியிருக்க முடியாது. எங்கள் மானம் என்று நாங்கள் மூடிவைத்ததை அவன் தனக்குப் பாதுகாப்பாக எடுத்துக்கொண்டான்.

இதனால்தான் படத்தின் மூன்றாவது பெண்ணான ஐலீன் எனக்கு இவ்வளவு நெருக்கமானவர். அவரிடம் வர முன்னம் செசிலி செய்ததைச் சொல்ல வேண்டும். செசிலி பேசாமல் இருந்திருக்கலாம். மனம் உடைந்து மனநல மருத்துவமனை வரைக்கும் போனவர் அவர். ஆனால் எல்லாச் செய்திகளையும் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு நோர்வேயின் வி.ஜி. பத்திரிகைக்குப் போனார். அந்தச் செய்தியாளர்கள் இஸ்ரேல் வரை போய்த் தேடினார்கள். 2019 பெப்ரவரியில் பெர்னில்லாவும் செசிலியும் தங்கள் முகத்தோடும் பெயரோடும் அந்தச் செய்தியில் வந்தார்கள். அதை நெதர்லாந்தில் இருந்த ஐலீன் பார்த்தார். அவர் அப்போதும் அந்த ஆளின் காதலி. ஒரு வருடத்துக்கு மேல் பழகியவர், பெருந்தொகை கொடுத்திருந்தவர். தன் ஆளின் படம் செய்தியில் கிடக்கிறது!

அவர் கத்தவில்லை, சண்டை போடவில்லை. இன்னும் நம்புகிற மாதிரியே இருந்தார். காசில்லை என்று அந்த ஆள் புலம்பியபோது, உங்கள் விலை உயர்ந்த உடுப்புகளைக் கொடுங்கள், விற்றுத் தருகிறேன் என்று வாங்கி, விற்று, காசைத் தானே வைத்துக்கொண்டார். பிறகு ஆள் எந்த விமானத்தில் ஏதென்ஸுக்குப் போகிறார் என்று அறிந்து பொலிசுக்குச் சொன்னார். போலிக் கடவுச்சீட்டோடு பிடிபட்டார். இந்தப் பகுதியைப் பார்த்தபோது நான் கதிரையை விட்டு எழுந்து கை தட்டினேன். மூன்று தரமும் தட்டினேன். ஒரு பெண் வாய் திறந்தது இன்னொரு நாட்டில் இருக்கும், முகமே அறியாத இன்னொரு பெண்ணின் கையில் போய்ச் சேர்ந்து வேலை செய்தது. எங்கள் வீட்டிலிருந்து சாவகச்சேரிக்கு அவ்வளவு தூரம்கூட இல்லை.

படத்தைப் பற்றி எனக்கு மனக்குறையும் உண்டு. கடன் கொடுத்த நிறுவனங்களைப் பற்றி அது விரைவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. ஒரு போலிச் சம்பளப் பத்திரத்தை நம்பி எல்லையை எப்படிக் கூட்டினார்கள், ஒரே ஆளுக்கு இத்தனை இடத்தில் எப்படிக் கடன் கொடுத்தார்கள் என்று வங்கியில் இருந்த எனக்குக் கேட்க நிறைய இருந்தது. அந்த ஆளின் விமானங்களையும் கார்களையும் கொஞ்சம் குறைத்துக் காட்டியிருக்கலாம் என்றும் நினைத்தேன். எங்கள் வீட்டுப் பெடியன் ஒருவன் என்னோடு இருந்து பார்த்துவிட்டு, “ஆள் சரியான கெட்டிக்காரன் என்ன?” என்றான். எனக்கு நெஞ்சு அடைத்தது. இருந்து கதைத்தேன். அந்தக் கெட்டித்தனத்துக்கு யார் இன்னும் மாதா மாதம் கடன் கட்டுகிறார்கள் என்று கேட்டேன். அவன் பேசாமல் இருந்தான், பிறகு செசிலி அழுகிற இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தான். படத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, இருந்து கதைக்கவும் வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

தண்டனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இஸ்ரேலில் 2019 டிசம்பரில் பதினைந்து மாதச் சிறை விதித்தார்கள். அதுவும் அங்கே முன்பு செய்த மோசடிகளுக்கு. இந்த மூன்று பெண்களின் காசுக்கு அல்ல. ஐந்து மாதத்தில் வெளியே வந்துவிட்டார். படம் முடிகிறபோதும் பெண்கள் கடன் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

செய்தி வந்தபோது அந்தப் பெண்களுக்குக் கிடைத்த வசையையும் படம் மறைக்காமல் காட்டுகிறது. காசுக்கு ஆசைப்பட்டவள், நன்றாக வேண்டும் என்று நோர்வேயில் எழுதினார்கள். அதை வாசித்தபோது எங்கள் ஊர்க் குரல்தான் எனக்குக் கேட்டது. “படிச்ச பிள்ளைக்கு இதுகூடத் தெரியேல்லையோ?” “வெளிநாட்டு மோகம்.” “எப்படியடி ஏமாந்தாய்?” செசிலி காசு வாங்கப் போகவில்லை, நேசித்த ஒருவரைக் காப்பாற்றக் கொடுத்தார். என் தங்கச்சியும் அப்படித்தான். ஆபத்தில் இருக்கும் ஒருவருக்கு உதவுவதை நாங்கள்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம்? அதைச் செய்தவளைக் கூட்டில் ஏற்றிக் கேள்வி கேட்பது எந்த நியாயம்?

நான் உங்களிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. உங்கள் மண்டபத்தில் ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். படத்தைத் திரையிட உரிமையாளரின் அனுமதி வேண்டும். அது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வீட்டில் பார்த்தவர்கள் பார்த்தபடி வரட்டும், பார்க்காதவர்களுக்கு நான் கதையைத் தமிழில் சொல்கிறேன். ஆண்களும் கட்டாயம் வரவேண்டும், குறிப்பாகத் தகப்பன்மார். ‘பெண்களுக்கான விழிப்புணர்வு’ என்று மட்டும் துண்டுப்பிரசுரம் அடிக்க வேண்டாம். ஏஜென்சிக்குக் காணியை ஈடு வைத்துக் கொடுத்துவிட்டு, மனைவிக்கும் சொல்லாமல் இருக்கிற ஆண்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். நான் அவர்களையும் அந்தக் கவுண்டரில் பார்த்திருக்கிறேன்.

அப்படியே நாங்கள் செய்யக்கூடிய சிலவற்றையும் அங்கே சொல்லலாம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற நிறுவனத்துக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று காசு கொடுக்க முன்னமே 1989 என்ற இலக்கத்தில் கேட்கலாம். இந்த ஒன்றை அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாலே எத்தனையோ பேருக்கு உதவும். கைபேசியில் வந்த செய்திகளை வெட்கத்தில் அழித்துவிடாமல் வைத்திருக்கச் சொல்ல வேண்டும். செசிலி வைத்திருந்ததால்தான் அந்தப் பத்திரிகை எழுத முடிந்தது. முறைப்பாடு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க, மாதத்தில் ஒரு நாள் நான் வந்து இருப்பேன். என்னைப் போல ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கிராம அலுவலர்களும் உங்கள் ஊரிலும் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். வருகிற ஆளிடம் “எவ்வளவு போனது, எப்போது போனது, யாருக்குப் போனது” என்று கேட்போம். “ஏன் கொடுத்தாய்” என்று கேட்பதில்லை என்று முதலிலேயே பேசிக்கொள்வோம்.

மூன்றாம் தரம் இந்தப் படத்தைப் பார்த்தது என் தங்கச்சியோடு. அவளுக்கு இப்போது நாற்பது வயது கடந்துவிட்டது. நகையை மீட்க முடியவில்லை, ஏலத்தில் போய்விட்டது. படம் முழுவதும் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். முடிந்த பிறகு, “அக்கா, பாத்தீங்களே, அவ பெயரையும் சொல்லி முகத்தையும் காட்டிக் கதைக்கிறா” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அந்தச் சாவகச்சேரிப் பிள்ளையின் இலக்கம் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டாள்.

இருக்கிறது. கொடுத்திருக்கிறேன். கூட்டம் வைத்தால் இரண்டு பேரும் வருவார்கள். கதைப்பார்களோ தெரியாது, பின்வரிசையில் கதிரை போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர் ஒருவர்,
வடமராட்சி.